பழுப்பு, கறுப்பு, பச்சை

திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா போகிற ரோட்டில், தகர ஷெட் போட்ட ஒரு கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த கையோடு கிடைத்த வேலை. ஸ்டெபிலைசர் செய்கிற கம்பெனி. அப்போது வீட்டுக்கு வீடு கலர் டி.வி.யும் கடைக்குக் கடை ஃபிரிட்ஜும் வந்துகொண்டிருந்தன. கரண்ட் மட்டும் பழையபடி ஏறுவதும் இறங்குவதும் போவதும் வருவதுமாக இருந்தது. அதனால் எங்கள் பெட்டிகளுக்கு நல்ல கிராக்கி.

முதலாளி குவைத்தில் பல வருஷம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். எங்கள் ஜில்லாவிலிருந்து ஜனங்கள் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, இவர் இந்தப் பக்கம் வந்தார். அங்கே கூட இருந்தவர்களே தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அடிக்கடி சொல்வார். எப்படி ஏமாற்றினார்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவருடைய அறைக்கு மூன்று பக்கமும் கண்ணாடி. ஷெட்டில் யார் எழுந்தாலும் அவர் தலை நிமிரும். சாயங்காலம் வேலை விட்டுப் போகும்போது கேட்டில் ஒரு அம்மாள் எங்கள் பைகளைக் கவிழ்த்துப் பார்ப்பாள். டிபன் பாக்ஸில் மிச்சச் சோறு இருந்தால் அதற்குள் ஸ்பூனை விட்டுத் துழாவுவாள்.

எங்கள் ஊர் பிச்சாட்டூர் பக்கம், ஆரணியாற்று அணைக்குக் கீழே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஆந்திராவுக்குள் இருக்கிறது. நைனா என்று நாங்கள் கூப்பிடுகிற அப்பா ரொம்ப நாள் கூலி வேலை செய்து, பிறகுதான் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் பார்த்தவர். நான் திருப்பதியில் பெண்கள் ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகிறேன் என்றதும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்: "கம்பெனிக்காரன் எதுலயாவது கையெழுத்து கேட்டான்னா போட்டுடாத. வூட்டுக்கு எடுத்துக்கினு வா, நான் பாக்கறேன்." நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் காகிதத்தைப் பார்த்தாலே அதில் சூது இருக்கிறதா என்று சொல்லிவிட முடியும் என்று நம்பினார்.

என்னுடைய வேலை, வெளியிலிருந்து வரும் சின்னச் சாமான்களைச் சோதித்து உள்ளே அனுப்பி, அந்தக் கணக்கை முதலாளி அறையில் கொடுப்பது. அதில் பெரும்பாதி ரெசிஸ்டர்கள். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக, இரண்டு பக்கமும் மீசை மாதிரி கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். கரண்டை முழுசாக ஓட விடாமல் தடுத்து, வேண்டிய அளவுக்கு மட்டும் விடுவதுதான் அதன் வேலை. எவ்வளவு தடுக்கும் என்பதை எழுத்தில் போட இடம் பத்தாது என்பதால் உடம்பைச் சுற்றிக் கலர் கோடுகள் போட்டிருப்பார்கள். பழுப்பு, கறுப்பு, பச்சை என்று வரிசையாக இருந்தால் அது பத்து லட்சம் ஓம்; தடையை ஓம் கணக்கில்தான் அளப்பார்கள். நாங்கள் அதை 'ஒரு மெக்' என்போம். நான் மேஜையில் ஒரு மரக்கட்டை வைத்து, தடையை அளக்கிற மல்டிமீட்டரின் இரண்டு வயரிலும் முதலை வாய் மாதிரிக் கிளிப் மாட்டி, அந்தக் கட்டையில் பொருத்தி வைத்திருந்தேன். ரெசிஸ்டரைக் கிளிப்பில் மாட்டிவிட்டால் போதும், கை சும்மா இருக்கும். வேலை சீக்கிரம் முடியும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியாது.

ஒரு மெக் ரெசிஸ்டர் எங்கள் ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரில் ஒரு முக்கியமான இடத்தில் இருந்தது. கரண்ட் போய்த் திரும்ப வந்தால் ஃபிரிட்ஜுக்கு உடனே கொடுக்கக் கூடாது. உள்ளே இருக்கிற கம்ப்ரஸர் மூச்சு வாங்கிக்கொள்ளச் சில நிமிஷம் வேண்டும். உடனே கொடுத்தால் திணறிச் சுட்டுவிடும். அந்தச் சில நிமிஷத்தை எண்ணுவதற்கு, பெட்டிக்குள் சாமான்களையெல்லாம் ஒட்டியிருக்கிற எங்கள் போர்டில் கடிகாரம் கிடையாது. ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். அது தொட்டி மாதிரி. ஒரு மெக் ரெசிஸ்டர் வழியாகக் கரண்ட் சொட்டுச் சொட்டாகப் போய் அது நிறைய வேண்டும். நிறைந்ததும் 'டக்'கென்று ரிலே என்கிற ஸ்விட்ச் விழும், ஃபிரிட்ஜ் ஓடும். ரெசிஸ்டர் சரியாகத் தடுத்தால் தொட்டி மெதுவாக நிறையும். தடுப்புக் குறைந்தால் சீக்கிரம் நிறைந்துவிடும்.

இந்தச் சாமான்களையெல்லாம் பூட்டி வைத்திருந்த ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் ஒரு அக்கா. அவரும் எங்கள் பக்கத்துத் தமிழ்க்காரர்தான், பிச்சாட்டூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். வீட்டுக்காரர் இல்லை. அண்ணன் குடும்பத்தோடு திருப்பதியில் இருந்தார். ஷெட்டில் எல்லாரும் தெலுங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் தமிழில் பேசினால் சுற்றிலும் பேச்சு நின்றுவிடும். எதற்கு வம்பு என்று நாங்களும் தெலுங்கிலேயே பேசிக்கொள்வோம். ஸ்டோர் சாவி அக்காவின் இடுப்பில் இருக்கும். மாற்றுச் சாவி முதலாளியிடம்.

ஐப்பசி மழை தொடங்கிக் கொஞ்ச நாளில் முதல் புகார் வந்தது. சூளூர்பேட்டையில் ஒரு மெடிக்கல் ஷாப். கரண்ட் வந்த உடனே எங்கள் பெட்டி ஃபிரிட்ஜுக்குக் கரண்டைக் கொடுத்துவிடுகிறது, காத்திருப்பதே இல்லை, கம்ப்ரஸர் சுட்டுப்போய் உள்ளே வைத்திருந்த ஊசி மருந்தெல்லாம் வீணாகிவிட்டது என்றார்கள். அடுத்து தடாவில் ஒரு ஓட்டல், பிறகு ஒரு கூல்டிரிங்க்ஸ் கடை. எல்லாம் அந்தப் பக்கமே. அந்தப் பக்கத்துக்கு டீலர் ஒருவர்தான். முதலாளிக்கு முதல் சந்தேகம் அவர்மேல் விழுந்தது. நம் போர்டை எடுத்துவிட்டு மட்டமான போர்டு போட்டு விற்கிறான் என்றார். திரும்பி வந்த பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே எங்கள் மை முத்திரையோடு எங்கள் போர்டுதான் இருந்தது. ஆனால் அதைச் சுவரில் மாட்டி ஓட்டிப் பார்த்தபோது அது ஒழுங்காகக் காத்திருந்துதான் கரண்ட் கொடுத்தது. வழியில் யாரோ எதையோ மாற்றுகிறார்கள் என்ற எண்ணம் முதலாளிக்கு இன்னும் பலப்பட்டது. வெளியில் இல்லையென்றால் உள்ளே என்று சூபர்வைசரிடம் சொன்னார்.

சூபர்வைசர் நெல்லூர்க்காரர். ரேடியோ ரிப்பேர் கடையில் தொடங்கி மேலே வந்தவர். அதிகம் பேச மாட்டார். மறுநாள் அவர் ஸ்டோருக்குள் போய் ஒரு மெக் டப்பாவிலிருந்து ஒரு பிடி ரெசிஸ்டர்களை அள்ளிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார். கண்ணாடி வழியாக எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

பத்து லட்சம் காட்ட வேண்டிய ரெசிஸ்டர் ஏழு லட்சம் காட்டியது. இன்னொன்று அதற்கும் குறைவு. எதுவுமே சரியாக இல்லை. நான் சோதித்து அனுப்பியபோது எல்லாம் சரியாக இருந்தன என்றேன். முதலாளி கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மேஜைமேல் விரலால் ஒரு கோடு இழுத்து, தெலுங்கில் மெதுவாகச் சொன்னார்.

"வரும்போது சரி. ஸ்டோரிலிருந்து வெளியே வரும்போது தப்பு. நடுவில் யார் இருக்கிறது, நீயே சொல்லம்மா."

நல்ல ரெசிஸ்டர்களை எடுத்து வெளியே கொடுத்துவிட்டு, அதே கலர் கோடு போட்ட டூப்ளிகேட்டை டப்பாவில் கொட்டியிருக்கிறார்கள் என்பது அவர் கணக்கு. ஒன்று அக்கா அதைச் செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் நான் மட்டமானதைச் சரி என்று சொல்லி உள்ளே அனுப்பியிருக்க வேண்டும். அக்கா நல்லவள் என்று நான் சொன்னால் கெட்டவள் நானாகிவிடுவேன். இரண்டு பேரும் ஒரே பக்கத்து ஆட்கள், ஒரே பாஷை. இரண்டு பேரும் சேர்ந்தே செய்திருக்கலாம் என்கிற மூன்றாவது கணக்கும் அவரிடம் இருந்தது. அதை அவர் வாயால் சொல்லவில்லை.

அக்காவைக் கூப்பிட்டார்கள். சாவியை வாங்கிக்கொண்டு, விஷயம் தெரியும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார். அவர் கேள்வியே கேட்காமல் போனது எனக்கு உறுத்தியது. செய்யாதவர் ஏன் செய்யவில்லை என்று சொல்லவில்லை?

உறுத்தலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்பு, பாத்ரூம் பக்கம் அக்கா ஒரு கைக்குட்டையைப் பிரித்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நான் வருவதைப் பார்த்ததும் சுருட்டி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார். அந்தக் கைக்குட்டையிலிருந்து ஒரு கம்பி மீசை வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அதை முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால் அக்கா தொலைந்தார். சொல்லாமல் பிறகு தெரிந்தால் நான் தொலைந்தேன்.

அன்று மதியம் சாப்பிடப் போகவில்லை. அந்த ரெசிஸ்டர்களை என் மேஜைக்குக் கேட்டு வாங்கி வந்தேன். கிளிப்பில் மாட்டினேன். பத்து லட்சம். அடுத்தது, அதுவும் பத்து லட்சத்தை ஒட்டியே. அந்தப் பிடி முழுதும் சரியாக இருந்தது. எனக்கு அக்காமேல் இருந்த சந்தேகம் அப்படியே திரும்பிச் சூபர்வைசர்மேல் விழுந்தது. இந்த மனுஷன் பையில் சில மட்டமான ரெசிஸ்டர்களை வைத்துக்கொண்டு முதலாளியிடம் காட்டியிருக்கிறார். ஸ்டோர் வேலைக்கு அவருக்குத் தெரிந்தவர் யாராவது காத்திருப்பார்கள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது.

அவரைக் கூப்பிட்டு என் மீட்டரைக் காட்டினேன். அவர் என் மேஜையையும், மேஜைக்குக் கீழேயும், என் கையையும் பார்த்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று புரிந்தது. நான்தான் நல்ல ரெசிஸ்டரை மாற்றி வைத்துவிட்டேன் என்று நினைக்கிறார். தன் மீட்டரைக் கொண்டுவந்து அதே ரெசிஸ்டரை எடுத்து அளந்தார். ஆறரை லட்சம்.

போர்டில் சாமான்களை ஈயத்தால் ஒட்டுகிற சால்டரிங் வரிசையில் இருந்த ஒரு பெண்ணிடம் நகப் பாலிஷ் வாங்கி வந்தேன். ஒரு ரெசிஸ்டரின் நடுவில் ஒரு பொட்டு வைத்தேன். இனி யாரும் மாற்ற முடியாது. காயும்வரை நாங்கள் இரண்டு பேரும் அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் கிளிப்பில் பத்து லட்சம். அவர் கையில் ஆறரை. அப்படியென்றால் மீட்டரில்தான் கோளாறு என்று மீட்டர்களை மாற்றிக்கொண்டோம். அவர் மீட்டர் என் கிளிப்பில் பத்து லட்சம் காட்டியது. என் மீட்டர் அவர் கையில் குறைத்துக் காட்டியது. கோளாறு மீட்டரோடு போகவில்லை, அவரோடு போனது.

அதுவரை நான் மீட்டரின் எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு பக்கத்துக் கம்பியையும் மீட்டரின் முனையையும் சேர்த்துக் கிள்ளிப் பிடித்திருந்தன. வலது கை மறுபக்கம் அதே மாதிரி. மழைக்காலப் புழுக்கத்தில் விரல் நுனி மினுமினுத்தது. மேஜையில் வைத்துவிட்டு, கம்பியைத் தொடாமல் முனையால் மட்டும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் செய்தார்.

பத்து லட்சம்.

மறுபடி விரலால் பிடித்தார், இறங்கியது. விட்டார், ஏறியது. எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு ஈரத்தோடு வந்து பிடித்தார். இன்னும் கீழே போனது. பிறகு ரெசிஸ்டரை அப்பால் வைத்துவிட்டு, மீட்டரின் இரண்டு முனைகளையும் இரண்டு கையில் வெறுமே பிடித்தார். மீட்டர் ஒரு எண்ணைக் காட்டியது. நடுவில் ரெசிஸ்டரே இல்லை. அவர்தான் இருந்தார்.

"இத்தனை நாள் நான் என்னையும் சேர்த்து அளந்திருக்கிறேன்" என்றார்.

புத்தகத்தில் இதை நான் படித்திருந்தேன். இரண்டு ரெசிஸ்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கரண்டுக்கு இரண்டு வழி கிடைக்கும், மொத்தத் தடை இரண்டில் எதைவிடவும் குறைந்துபோகும் என்று கணக்குப் போட்டு மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அந்த இரண்டாவது ரெசிஸ்டர் ஒரு மனுஷனாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவரும் ஏமாற்றுக்காரர் இல்லை. ரேடியோக் கடையில் அவர் கைபட்டதெல்லாம் சின்னத் தடைகள். அங்கே கரண்டுக்கு முன்னாலேயே சுலபமான வழி இருப்பதால், உடம்பு வழியாகப் போகிற சொற்பம் கணக்கில் தெரியாது. ஒரு மெக் மாதிரிப் பெரிய தடைக்குப் பக்கத்தில்தான் விரலின் ஈரம்கூட ஒரு வழியாகிவிடுகிறது. அன்று சாயங்காலம் அவர் ஷெட்டில் இருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அந்தப் பொட்டு வைத்த ரெசிஸ்டரைப் பிடிக்கச் சொன்னார். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் வந்தது. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

முதலாளி சிரிக்கவில்லை. அவர் கையிலும் கொடுத்துப் பார்த்தோம். எண் இறங்குவதைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ரெசிஸ்டர் எல்லாம் நல்லது என்றால் சூளூர்பேட்டையில் கம்ப்ரஸர் எப்படிச் சுட்டது? நாங்கள் மூன்று பேரும், நான், சூபர்வைசர், வீட்டில் இருக்கிற அக்கா, கூடிப் பேசி ஒரு வித்தை காட்டுகிறோமோ என்று அவர் நினைப்பது அவர் முகத்தில் தெரிந்தது. காலையில் எல்லாருமாகச் சூளூர்பேட்டைக்குப் போவோம் என்றார். எல்லாரும் என்றால் அவரும். எங்களைத் தனியே அனுப்ப அவருக்கு மனசில்லை.

கம்பெனி வேனில் காளஹஸ்தி, நாயுடுபேட்டை வழியாகப் போனோம். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. டீலரிடம் வருவதைச் சொல்லவே இல்லை. சொன்னால் பெட்டியை மாற்றி வைத்துவிடுவானாம்.

மெடிக்கல் ஷாப்காரர் எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புது கம்ப்ரஸர் போட்ட பிறகும் அதே மாதிரிப் பெட்டி ஒன்றைத்தான் டீலர் மாட்டிவிட்டுப் போயிருந்தார். அதுவும் இப்போது காத்திருப்பதில்லை என்றார். முதலாளி மெயினை அணைத்துப் போடச் சொன்னார். போட்ட மாத்திரத்தில் ரிலே விழுந்தது. சூபர்வைசர் பெட்டியைக் கழற்றிக் கவுன்டர்மேல் வைத்துத் திறந்தார்.

போர்டு எங்களுடையதுதான். அதன் அடிப்பக்கத்தில், சால்டரிங் செய்த இடங்களைச் சுற்றி, பிசின் மாதிரி ஒரு பழுப்புப் படலம். சால்டரிங் செய்யும்போது ஈயம் ஒட்டுவதற்காகத் தடவுகிற பசை அது. எங்கள் ஷெட்டில் அதை யாரும் துடைப்பதில்லை. காய்ந்தால் கெட்டியாகிவிடும், ஒன்றும் செய்யாது. இங்கே அது காயவில்லை. தொட்டால் ஒட்டியது. மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. நான் தலை நிமிர்ந்து கடையைப் பார்த்தேன். ஷட்டரின் இரும்பு அடியில் அரித்து ஓட்டை விழுந்திருந்தது. வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிறேன், இந்த ஏரிக் காற்றில் எதுவும் நிற்பதில்லை என்று கடைக்காரர் சொன்னார். புலிகாட் ஏரியின் உப்புக் காற்று. மழைக்காலத்தில் அதில் ஈரமும் சேர்ந்துகொள்ளும்.

இந்தத் தரம் சூபர்வைசர் விரலைத் தள்ளி வைத்துக்கொண்டு மீட்டரின் முனையால் மட்டும் தொட்டார். போர்டில் இருந்தபடியே அளந்தபோது ஒரு மெக் ரெசிஸ்டர் சில ஆயிரம் ஓம்தான் காட்டியது. முதலாளி என்னைப் பார்த்தார். ரெசிஸ்டரின் ஒரு காலை மட்டும் சால்டரிலிருந்து எடுத்துத் தூக்கிவிட்டு அளக்கச் சொன்னேன். பத்து லட்சம் காட்டியது. ரெசிஸ்டர் நல்லது. அதற்குப் பக்கத்தில் வேறு ஒரு வழி இருக்கிறது.

கடைக்காரரிடம் சர்ஜிகல் ஸ்பிரிட் ஒரு பாட்டிலும் பஞ்சும் கேட்டோம். அந்த இடத்தைத் துடைத்தேன். பஞ்சு பழுப்பாக வந்தது. வேறு பஞ்சு எடுத்து வெள்ளையாக வரும்வரை துடைத்தேன். ஃபேனுக்குக் கீழே காய வைத்து, ரெசிஸ்டரின் கம்பிக் காலை மறுபடி ஒட்டி, போர்டில் இருந்தபடியே அளந்தபோது எண் சரியாக நின்றது. பெட்டியை மாட்டி மெயினைப் போட்டோம். ரிலே விழவில்லை. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். மருந்து வாங்க வந்த ஒருவரும் என்ன ஏது என்று தெரியாமல் எங்களோடு நின்று பார்த்தார். நிமிஷங்கள் போய், விழ வேண்டிய நேரத்தில் 'டக்' என்று விழுந்தது. உள்ளே ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்டது.

முதலாளிக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. திருமலையில் தரிசன கியூவைப் பற்றிச் சொன்னேன். ஒரு வாசல் வழியாக ஜனங்களை மெதுவாக விட்டுக்கொண்டிருக்கிறார்கள், யாரோ பக்கத்தில் இன்னொரு வாசலை அகலத் திறந்துவிட்டால் உள்ளே எவ்வளவு சீக்கிரம் நிறையும்? உப்பும் ஈரமும் பசையும் சேர்ந்து அந்தப் பக்கத்து வாசலைத் திறந்துவிட்டன. முதல் வாசலில் நிற்கிறவர்மேல் தப்பில்லை. நம் ஷெட்டுக்கு வந்து சேர்வதற்குள் போர்டு காய்ந்துவிடுகிறது, அதனால்தான் அங்கே ஓட்டிப் பார்த்தால் சரியாக இருக்கிறது. இதைக் கேட்டதும் அவர் தலையை ஆட்டினார். "அப்படியென்றால் டீலர் ஒன்றும் செய்யவில்லை" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு ஏதோ கைநழுவிப் போன மாதிரி இருந்தது.

திரும்பி வந்த மறுநாளே அக்காவுக்கு ஆள் அனுப்பினார்கள். அக்கா வரவில்லை. அண்ணன்தான் வந்து, அவர் ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொன்னார். முதலாளியின் கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது. ஓடிப்போகிறவள் எதற்கு ஓடுகிறாள் என்று கேட்டார். ரெசிஸ்டர் ஒன்றும் குறையவில்லை என்று நாங்கள் சொன்னதையே திருப்பிச் சொன்னோம். ஆனால் எனக்கும் அந்தக் கைக்குட்டை நினைவுக்கு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது பிச்சாட்டூர் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். ஒரு பெட்டியோடு ஊத்துக்கோட்டை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். சூளூர்பேட்டை விஷயத்தைச் சொன்னேன். முதலாளி திரும்பக் கூப்பிடுகிறார் என்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். சந்தோஷப்பட்ட மாதிரியும் இல்லை, கோபப்பட்ட மாதிரியும் இல்லை.

"நான் வர மாட்டேன். மெட்ராஸ் பக்கத்துல ஒரு கம்பெனில சேந்துட்டேன், நாளைக்கு டூட்டி" என்றார்.

எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். அவர் பையிலிருந்து அந்தக் கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே ரெசிஸ்டர்கள். கால் ஒடிந்தது, பெயின்ட் உரிந்தது, நானே வேண்டாம் என்று ஒதுக்கிக் குப்பை டப்பாவில் போட்டவை. அந்தக் கம்பெனியில் டெஸ்ட் வைக்கிறார்கள், கலரைப் பார்த்து எவ்வளவு ஓம் என்று சொல்ல வேண்டும், பத்தாவதுகூட முடிக்காத தனக்கு வேறு எப்படி வரும் என்றார். பாத்ரூம் பக்கம் போகும்போதும் வரும்போதும் மனப்பாடம் செய்திருக்கிறார். கேட்டில் மாட்டிக்கொண்டால் குப்பையிலிருந்து எடுத்தது என்று யார் நம்புவார்கள் என்று பயந்துகொண்டே எடுத்துப் போயிருக்கிறார். சாவியைக் கேட்டபோது வாயைத் திறக்காததும் அதனால்தான். திறந்தால் கைக்குட்டையும் வெளியே வரும்.

என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"உங்கிட்டயா? நீ அந்தக் கண்ணாடி ரூமுக்கு அடிக்கடி போய்க்கினு இருந்த. இன்னா பேசறன்னு எனக்கு இன்னா தெரியும்?" என்றார். பிறகு சிரித்தார். "நீயும்தான் என்னை நம்பல. அன்னைக்குப் பாத்தப்பவே தெரிஞ்சுது. வுடு."

நான் இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால் நம்பியிருக்க மாட்டார். அவர் ஒரு ரெசிஸ்டரை எடுத்து என் கையில் வைத்து, தன் வாயால் சொன்னார்: சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு, இருபத்திரண்டு கே. சரிதான், இருபத்திரண்டாயிரம் ஓம் என்றேன். பஸ் வந்தது. பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். ஜன்னலில் உட்கார்ந்து, அம்மாவையும் நைனாவையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். பஸ் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் அப்படித்தான் எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். வேலைக்கு என்று போகும்வரை யாரிடமும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் யாராவது கெடுத்துவிடுவார்கள் என்ற பயம்.

பிறகு கம்பெனியில் ஒவ்வொரு போர்டையும் ஸ்பிரிட்டில் கழுவி, காய வைத்து, மேலே வார்னிஷ் பூச ஆரம்பித்தோம். அந்த நாற்றம் எங்கள் துணியில், தலைமுடியில், மதியச் சோற்றில் எல்லாம் இருந்தது. சூபர்வைசர் தனக்கும் ஒரு ஜோடி கிளிப் வாங்கிக்கொண்டார். ஸ்டோருக்கு ஒரு வயதானவர் வந்தார், முதலாளிக்குச் சொந்தக்காரர். அவரையும் கேட்டில் சோதித்துத்தான் அனுப்பினார்கள்.

அடுத்த மழைக்காலம் வந்தது. சூளூர்பேட்டையிலிருந்தும் தடாவிலிருந்தும் ஒரு புகாரும் வரவில்லை. மழை பாதி முடியும்வரை முதலாளி பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் என்னையும் சூபர்வைசரையும் அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு, டீலருக்கு போன் போட்டு, ஏன் புகாரே வரவில்லை, அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்.